பாட்டையும் சிரிப்பையும் பிரித்த மேடை

திருவனந்தபுரத்துத் தமிழ் நாடகம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது 1891இல் வெளிவந்த மனோன்மணீயமே. இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை, மேடையைவிட வாசகரையே மனத்தில் கொண்டு செய்யுளில் யாத்த அந்நூலுக்குக் கிடைத்துவரும் மதிப்பில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் அதே காலத்தில், கீற்றுக் கொட்டகையில் பாட்டும் வசனமும் கோமாளித்தனமும் கலந்து விடிய விடிய நடந்த இன்னொரு தமிழ் நாடகம் இவ்வூருக்குள் வந்து, மலையாள மேடையின் போக்கையே மாற்றிவிட்டுப் போனது என்பது அதே அளவுக்கு நினைக்கப்படுவதில்லை. ஏட்டு நாடகத்துக்கு விழா எடுக்கும் தமிழ் அமைப்புகளும், வேறு தொழிலில் பிழைத்துக்கொண்டு நாடகத்தை விருப்பத்துக்காக நடத்தும் அமெச்சூர் குழுக்களும், கொட்டகை நாடகத்தைத் தொடத் தயங்குகின்றன. அந்தத் தயக்கம் ரசனையால் விளைந்தது என்று சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அது பயிற்சிக் குறைவை மறைக்கும் போர்வையாகவே இருந்துவருகிறது.

ஐரோப்பாவில் ஆப்பரெட்டா என்று வழங்கும் வடிவம், முழுக்க முழுக்கப் பாடப்படும் ஆப்பராவிலிருந்து பிரிந்து, பாட்டுக்கு நடுவே பேச்சையும், உருக்கத்துக்கு நடுவே கேலியையும் அனுமதித்த சிறிய இசை நாடகமாகும்; 1858இல் பாரிஸில் ஜாக் ஆஃபென்பாக் மேடையேற்றிய ‘பாதாளத்தில் ஆர்ஃபியஸ்’ அதற்குப் பெரும் வாழ்வு தந்தது. தமிழில் இதற்கு நேர்நிகரான வடிவம் இல்லையெனினும், இதற்கு மிக அருகில் வைத்துப் பார்க்கத்தக்கது, பார்சி, மராத்திய நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்று, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலானோரால் செம்மையுற்ற கம்பெனி இசை நாடகம். இதில் விருத்தமும் கீர்த்தனையும் இந்துஸ்தானி மெட்டும் வசனத்தோடு மாறிமாறி வரும். நடிகர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடத்தின் பெயராலேயே அறியப்படுவர்.

அவ்வகை நாடகங்களுள் நகைச்சுவைக்கு மிகுந்த இடம் தந்தது சதாரம். புராணக் கதை இல்லை. தெய்வம் இறங்கிவந்து எவரையும் காப்பதும் இல்லை. காதலுக்காக அரசை இழந்து வறுமையுற்ற இளவரசனின் மனைவியாகிய சதாரத்தைக் கள்வன் ஒருவன் தூக்கிச் செல்ல, அவள் தன் வாய்ச்சாதுரியத்தாலேயே அவனிடமிருந்து தப்பி, ஆண்வேடம் பூண்டு அலைந்து, இறுதியில் கணவனை அடைகிறாள் என்பதே பல கைகளில் பல வடிவம் பெற்ற இக்கதையின் சுருக்கம். வீரத்தால் ஆகாதது விவேகத்தால் ஆகிறது. அந்த விவேகமும் அரசனிடமோ அமைச்சனிடமோ இல்லாமல் ஒரு பெண்ணிடம் இருக்கிறது.

மொழி எல்லையைத் தாண்டிய விதத்திலும் சதாரம் தனித்தன்மை உடையது. கன்னடத்தில் பெள்ளாவெ நரஹரி சாஸ்திரியின் எழுத்தில் ‘சதாரமே’ ஆகிக் குப்பி வீரண்ணா கம்பெனியின் புகழ்பெற்ற நாடகமாயிற்று. மலையாளத்தில், கர்நாடக இசையிலும் வல்லவரான பரவூர் கே. சி. கேசவ பிள்ளை (1868–1914) தமிழ் நாடகத்தைத் தழுவி எழுதிய ‘சதாராம’ திருவிதாங்கூர் முழுவதும் நடிக்கப்பட்டது. தமிழ்க் குழுக்களின் வருகையால் எழுந்த ஆர்வமே 1892இல் டி. சி. அச்சுதமேனோனின் ‘சங்கீத நைஷதம்’ தொடங்கி மலையாள சங்கீத நாடகம் என்ற வகை பெருகியதற்குக் காரணம் என்பதை மலையாள நாடக வரலாற்றாசிரியர்களே ஒப்புகின்றனர். பின்னர் 1935இல் கே. சுப்பிரமணியம் ‘நவீன சதாரம்’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார்; அதே ஆண்டில் கன்னடத்திலும் அக்கதை படமாயிற்று.

இவ்வரலாற்றில் திருவனந்தபுரம் வெறும் வழித்தங்கல் அன்று. நாடக நடிகர் டி. கே. சண்முகம் 1912இல் பிறந்தது இந்நகரில்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவனாகப் பயின்ற அவரும் உடன்பிறந்தாரும் தமக்கென மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையை 1925இல் தொடங்கியதும் இங்கேதான். பெயரில் மதுரை இருந்தாலும் பிறப்பு திருவனந்தபுரமாக அமைந்த அக்குழுவில்தான் ஒழுகினசேரி என். எஸ். கிருஷ்ணன் நடிகராக வளர்ந்தார். நாகர்கோவிலும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தமையால், சாலைக் கடைத்தெரு வணிகர், கரமனை அக்கிரகாரத்தார், தென் திருவிதாங்கூர் வேளாளர், நாடார் எனப் பல தரப்புத் தமிழரும், தமிழ்ப் பாட்டைக் கேட்டு ரசிக்கப் பழகிய மலையாளிகளும் ஒரே கொட்டகையில் அமர்ந்தனர். மொழிவழி மாநிலப் பிரிவினை அந்தப் பார்வையாளர் கூட்டத்தை இரண்டாக வகுத்தது.

பாட்டையும் சிரிப்பையும் பிரிக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ‘மார்த்தாண்டவர்மா’ நாவலின் ஆசிரியர் சி. வி. ராமன் பிள்ளை (1858–1922), சங்கீத நாடகங்களின் மிகை பொறாது, 1909இல் ‘குறுப்பில்லாக் களரி’ என்ற பிரஹசனத்தை எழுதினார். பிரஹசனம் என்பது வடமொழி நாடக இலக்கணம் கூறும் நகைச்சுவைச் சிறு நாடக வகை; சி. வி. அதைத் திருவனந்தபுரத்து நடுத்தர வகுப்பாரின் ஆங்கில மோகத்தையும் குடும்பப் பூசலையும் எள்ளும் உரைநடை நாடகமாக மாற்றினார். அவ்வழியில் அவர் மருமகன் இ. வி. கிருஷ்ண பிள்ளையும் எழுத, அலுவலகத்தாரும் மாணவரும் கூடி நடிக்கும் அமெச்சூர் மரபு இந்நகரில் வேரூன்றியது. அதன் ஆதாயம் பெரிது: மேடையில் அன்றாடப் பேச்சு ஏறியது. இழப்பும் உண்டு: பாடத் தெரியாதவரும் நடிக்கலாம் என்ற நிலை, பாடுவது நடிப்புக்குப் புறம்பானது என்ற எண்ணமாக நாளடைவில் திரிந்தது.

சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் நிறுவிய சுகுண விலாச சபை, வழக்கறிஞரும் அரசு அலுவலரும் வெட்கமின்றி அரிதாரம் பூசலாம் என்று காட்டியதோடு, ‘சபாபதி’ போன்ற பிரஹசனங்களால் வசன நகைச்சுவைக்கு இலக்கணமும் வகுத்தது. 1950களில் தோன்றிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், விவேகா பைன் ஆர்ட்ஸ் முதலிய சபா நாடகக் குழுக்கள் அவ்விலக்கணத்தைத் துணுக்கு நகைச்சுவை வரை நீட்டின. 1970களின் இறுதியில் கூத்துப்பட்டறை, பரீக்‌ஷா முதலிய குழுக்கள் முன்னெடுத்த நவீன நாடகம் தெருக்கூத்தின் அடவையும் பாட்டையும் தேடிச் சென்றபோதும், கம்பெனி நாடகத்தைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்தது. கூத்து தொன்மை என்றும் கம்பெனி நாடகம் மலிவு என்றும் ஒரு தரவரிசை எழுதப்படாமலே நிலைத்துவிட்டது. இன்று மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகமே அம்மரபின் தொழில்முறை எச்சம். தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படும் நடிகர்கள், கூடி ஒத்திகை பார்க்காமல், எல்லாருக்கும் பாடமான வள்ளி திருமணத்தை இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடத்தும் அத்திறமை வியப்புக்குரியது. எனினும் வள்ளி திருமணம் போன்ற சில கதைகளுக்கே வருவாய் கிடைப்பதால், அவையே திரும்பத் திரும்ப மேடையேற, சதாரம் போன்றவை அருகிவருகின்றன.

தொழில்முறைக் குழு கைவிடும் வடிவத்தை அமெச்சூர் குழு காக்க முடியுமா என்ற கேள்விக்கு இங்கிலாந்து ஒரு விடை வைத்திருக்கிறது. டபிள்யூ. எஸ். கில்பர்ட் எழுத ஆர்தர் சல்லிவன் இசையமைத்த 14 நகைச்சுவை ஆப்பராக்களுள் ‘மிக்காடோ’ 1885 மார்ச் 14இல் லண்டன் சவாய் அரங்கில் தொடங்கி 672 காட்சிகள் ஓடியது. அவற்றைத் தன் உடைமையாகக் கொண்டிருந்த டி’ஓய்லி கார்ட் கம்பெனியிடம் உரிமம் பெற்றே ஊர்தோறும் அமெச்சூர் சங்கங்கள் நடித்துவந்தன. 1961இன் இறுதியில் பதிப்புரிமை முடிந்தது. 1982இல் அக்கம்பெனியே மூடப்பட்டது. ஆயினும் நாடகங்கள் மறையவில்லை. ஆசிரியரும் எழுத்தரும் ஓய்வுபெற்றோரும் கூடிய சங்கங்கள் அவற்றைத் தொடர்ந்து மேடையேற்றியதோடு, 1994 முதல் பக்ஸ்டன் நகரில் தொடங்கிய விழாவில் போட்டியிட்டும் நடித்துவருகின்றன. சேர்ந்திசைக்கு நிறையக் குரல்கள் வேண்டும் என்ற அவ்வடிவத்தின் தேவையே, தனிக்குரல் வளம் இல்லாத பலருக்கும் மேடையில் இடம் தந்து சங்கங்களை நிலைக்கச் செய்தது.

அண்மையில் உள்ள சான்று இன்னும் பொருத்தமானது. குப்பி வீரண்ணாவின் பேத்தி பி. ஜெயஸ்ரீ, பெங்களூரில் தம் ஸ்பந்தன குழுவைக்கொண்டு ‘சதாரமே’யை மீண்டும் மேடையேற்றி, பாட்டன் நடித்த கள்வன் வேடத்தைத் தாமே ஏற்றார். அக்காலத்தில் ஸ்திரீபார்ட் ஆடவர் நடித்தபோது, சதாரம் ஆண்வேடம் பூணும் கட்டத்தில், பெண்ணாக நடிக்கும் ஆண் மீண்டும் ஆணாக நடிக்கவேண்டியிருந்தது. பார்வையாளர் சிரித்தது அந்த இரட்டைப் புரட்டுக்காகவும்தான். பெண் ஒருத்தி கள்வனாக வந்தபோது அப்புரட்டு மறுபக்கம் திரும்பியது. பழைய பிரதியின் ஒரு சொல்லையும் மாற்றாமலே, வேடப் பங்கீட்டால் மட்டும் நாடகத்துக்குப் புதுப் பொருள் ஏற்ற முடியும் என்பதற்கு இது சான்று.

திருவனந்தபுரத்துக்கு வெளியே தேடவேண்டிய தேவையும் இல்லை. காவாலம் நாராயண பணிக்கர் எழுதி ஜி. அரவிந்தன் இயக்கிய ‘அவனவன் கடம்ப’, ஆட்டப் பண்டாரங்களும் பாட்டுப் பரிஷைகளும் திருவிழாவுக்குச் செல்லும் வழியில் இடறும் கதையைத் தாளத்திலும் வாய்த்தாரியிலும் கேலியிலும் சொன்னபோது, அதில் நடித்த கோபி மின்வாரிய ஊழியர்; நெடுமுடி வேணு பத்திரிகையாளர். பாட்டும் நகையும் கலந்த நாடகம் கற்றறிந்த அமெச்சூர்களுக்குத் தகாது என்ற எண்ணத்தை 1970களிலேயே இந்நகரம் பொய்யாக்கிவிட்டது. தமிழ்க் குழுக்கள் அதைக் கைதட்டிப் பார்த்தன, பின்பற்றவில்லை.

சதாரத்தை இன்று எடுக்கும் குழு எதிர்கொள்ளவேண்டிய வேலை என்ன என்பதை அந்தக் கள்வன் கட்டத்தை வைத்தே விளக்கலாம். கள்வனும் சதாரமும் மாறிமாறிப் பாடும் இடம் தர்க்கப் பாட்டு என்னும் வகையைச் சேர்ந்தது; ஒருவர் பாடி நிறுத்திய சொல்லைப் பற்றிக்கொண்டு மற்றவர் அதே மெட்டில் மடக்கவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பின்வரிசைக்கும் கேட்பதற்காக உச்சச் சுருதியில் பாடியவர்களின் பாணியை இன்றைய நடிகர் பின்பற்றினால் தொண்டை கட்டும்; சுருதியைத் தாழ்த்தினாலோ ஆர்மோனியக்காரர் பழைய விறுவிறுப்பைத் தாளத்தால் ஈடுசெய்யவேண்டும். சங்கதிகள் கூடினால் சொல் மறையும். சொல் மறைந்தால் சிரிப்பு வராது. ஆதலால் நாடகக்காரருக்கு வேண்டியது கச்சேரிக் குரல் அன்று, எழுத்தெழுத்தாகக் காதில் விழும் உச்சரிப்பு. சிரிப்பு அடங்கும்வரை அடுத்த அடியை நிறுத்திவைக்கும் நிதானம் மேடையில் மட்டுமே படியும். ஒரே ஒரு காட்சியோடு முடியும் ஆண்டுவிழா நாடகத்தில் அது ஒருபோதும் கைவராது. விடிய விடிய நடந்ததை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கும்போதும், கதையை வைத்துக்கொண்டு பாட்டை வெட்டும் வழக்கத்தைத் தலைகீழாக்கி, தர்க்கப் பாட்டுகளை வைத்துக்கொண்டு கதையை வெட்டுவதே இவ்வடிவத்துக்குச் செய்யும் நியாயம்.

பழைய நகைச்சுவையில் சாதி இழிவும் பெண்ணிழிவும் மண்டிக்கிடக்கின்றன என்ற மறுப்பு நேர்மையானது. அதை மூடிமறைத்து மரபுப் பெருமை பேசுவது தவறு. ஆனால் இவ்வடிவத்தில் பிரதி எப்போதும் நெகிழ்வானது. பபூன் அந்தந்த ஊர்ச் செய்தியைத் தன் பேச்சில் சேர்ப்பதும், மிக்காடோவில் தண்டனைக்குரியோர் பட்டியலாக வரும் பாட்டில் காலத்துக்கேற்ற பெயர்கள் நுழைவதும் ஒரே உரிமையின் இரு வெளிப்பாடுகள். மிக்காடோவில் கறுப்பின மக்களைக் குறித்த இழிசொல் 1948இல் நீக்கப்பட்டது. அதன் ஜப்பானியக் கேலிச்சித்திரத்தை மாற்றியமைக்கும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. இழிவை நீக்கியபின் சதாரத்தில் எஞ்சுவது ஆணின் அசட்டுத்தனத்தைப் பெண் வெல்லும் கதை. அது இன்றைய பார்வையாளருக்கு விளக்கவுரை இல்லாமலே எட்டும்.

ஆகவே திருவனந்தபுரத்துத் தமிழ் அமைப்புகள் செய்யத்தக்கது, மனோன்மணீயம் கருத்தரங்கு ஒன்றுக்கு ஆகும் செலவில், ஸ்பெஷல் நாடக ஆர்மோனியக்காரர் ஒருவரையும் மூத்த நடிகர் ஒருவரையும் சில வாரங்கள் இங்கு வரவழைத்து, வேலைக்குச் செல்லும் இளைஞருக்கு மாலை வேளைகளில் தர்க்கப் பாட்டு பழக்குவதே. சங்கீத நாடகம் அறிந்த மலையாளிகளையும் அக்குழுவில் சேர்த்து, தமிழ்ச் சதாரத்தையும் கேசவ பிள்ளையின் ‘சதாராம’வையும் அடுத்தடுத்த மாலைகளில் ஒரே குழு நடிக்கும் வாய்ப்பு வேறெந்த நகருக்கும் இல்லை. ஆண்டுக்கு ஒரு காட்சி என்ற கணக்கை விட்டு, மாதம் ஒன்றாக ஓராண்டு நடித்தால் போதும். முதல் மூன்று காட்சிகள் சிரிக்கத்தகாத இடத்தில் சிரிப்பை வரவழைக்கக்கூடும் என்பதை அறிந்தே குழு தொடங்கவேண்டும்.

— ஆசிரியர் குழு