பொத்தானை மறந்த செயலிகள்

கைபேசியில் பொத்தான் இருந்தால் பழசு, தொடுதிரை இருந்தால் புதுசு என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான்; பிறகு அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சு. தமிழ்ப் பொறியில் புள்ளியை முதலில் அடிப்போம், கேரியேஜ் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே வந்து உட்காரும். பிரெஞ்சுப் பொறியில் எழுத்தின் தலைமேல் வரும் தொப்பிக் குறிக்கும் இதே ஏற்பாடுதான். மொழிக்கும் விரலுக்கும் ஏற்றபடி பொறியை அமைத்த காலம் அது.

கைபேசியிலும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. பன்னிரண்டு பொத்தான்களுக்குள் தமிழை அடக்கலாம் என்று மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-இல் 'செல்லினம்' மூலம் காட்டினார். 2017-இல் ஜியோ பொத்தான் கைபேசி வந்தது. அடுத்த ஆண்டே வாட்ஸ்ஆப் அதற்கேற்ப வந்தது. 2024-இல் அதைப் புதிதாக இறக்கிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிட்டார்கள்.

திருமயம் பக்கம் என் நண்பர் ஒருவர். கை நடுக்கம் உண்டு. பொத்தான் கைபேசியில் தினமும் நாலு வரி எழுதி அனுப்புவார். மகன் ஆசையாக வாங்கித் தந்த தொடுதிரையில் ஒன்றைத் தொட்டால் வேறொன்று விழுகிறது. இப்போது கும்பிடும் கைப் படம் மட்டும்தான் வருகிறது. அவருக்கு எழுத மறந்துவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். மறக்கவில்லை, விரலுக்குப் பிடிமானம் போய்விட்டது.

"வாயால் சொன்னாலே எழுதிக்கொள்கிறதே" என்பார்கள். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு வங்கிக் கணக்கு எண்ணைச் சத்தமாகச் சொல்ல முடியுமா?

செயலி எழுதுகிறவர்கள் செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. மேல், கீழ், இடம், வலம், நடுவில் 'சரி' என்ற ஐந்து பொத்தான்களாலேயே எல்லா இடத்துக்கும் போக முடியவேண்டும். இப்போது எங்கே நிற்கிறோம் என்று கட்டம் போட்டுக் காட்டவேண்டும். டி.வி. ரிமோட்டில் நடப்பதும் இதுதானே! ஆண்ட்ராய்டில் இதற்கு வழி முதலிலிருந்தே இருக்கிறது. இந்த ஒரு வேலை, புளூடூத் கீபோர்டு இணைப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் சேர்த்தே உதவும்.

மனம் வைத்தால் நடக்கும் என்பதற்குச் சான்று, 2022-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த 'யுபிஐ 123பே'. சாதாரணப் பொத்தான் கைபேசியிலேயே பணம் அனுப்பலாம்.

ஓய்வூதியர் நேர்காணல் முதல் மின்கட்டணம் வரை எல்லாம் கைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அரசு எந்தச் செயலியை வெளியிட்டாலும், திரையைத் தொடாமல் பொத்தானாலேயே இயக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே வெளியிடவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, கை நடுங்கும் அன்பர்கள் சிறிய புளூடூத் கீபோர்டு ஒன்றை இணைத்துப் பாருங்கள். திருமயத்து நண்பருக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவருடைய நாலு வரிக்காகக் காத்திருக்கிறேன்.