குடியிருக்க ஓர் இடம்

ஏழைக்கு வீடு கட்டிக் கொடுக்கப் பணமில்லை என்று சொல்லி வந்த காலம் கடந்துவிட்டது. மத்திய சர்க்காரின் கிராம வீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியபோது, சமவெளிப் பிரதேசங்களில் வீடொன்றுக்கு 1,20,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தமிழ்நாட்டு சர்க்கார் 2024-ல் ஒரு படி மேலே சென்று, 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் எழுப்பப்படும் என்றும், முதலாண்டில் 1 லட்சம் வீடுகள் தலா 3,50,000 ரூபாயில் கட்டப்படும் என்றும் அறிவித்தது. நல்லது. ஆனால் வீட்டை ஆகாயத்தில் கட்ட முடியாது. சொந்த மனையும் பட்டாவும் உள்ளவனுக்கே இத்திட்டங்கள் எளிதில் கைகொடுக்கின்றன. ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவன் மனு எழுதி எழுதிக் கை சலித்துப் போகிறான். அவனுக்கு முதலில் வேண்டுவது மூன்று சென்ட் மண். அதைக் கொடுக்கக் கூடியவர்கள் கிராமத்தின் நிலச்சொந்தக்காரர்களே. வடலூர்ச் சீமையின் மிராசுதார்களையும் குடியானவர்களையும் நோக்கி இன்று நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுதான்.

வடலூரைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இராமலிங்க அடிகளார் பசிப்பிணி நீக்கும் தருமச்சாலையை 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி தொடங்கினார். அதற்கு இடம் எங்கிருந்து வந்தது? எந்த அரசரும் மானியம் விடவில்லை. பார்வதிபுரத்து ஊரார் ஏறத்தாழ 80 காணி, அதாவது 106 ஏக்கர் நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். 1872-ல் சத்திய ஞான சபை எழுந்ததும் அந்தப் பெருவெளியிலேதான். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறதென்றால், அந்தப் பெருமையில் நிலம் கொடுத்த உழவர்களுக்கும் பங்குண்டு. வயிற்றுக்குச் சோறிடுவதற்காக நிலம் கொடுத்த ஊருக்கு, தலைக்கு மேல் கூரையிடுவதற்காக நிலம் கொடுக்கும் தருமத்தை நாம் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக எஜமானின் மண்ணில் குடியிருந்தவர்கள். எஜமானுக்குக் கோபம் வந்தால் குடிசை பிரிக்கப்படும் என்ற அச்சமே அவர்களுடைய கூலியையும் குரலையும் அடக்கி வைத்தது. 1971-ஆம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவனுக்கே சொந்தமாக்கியது. அது பெரிய விமோசனம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்த மனையில் இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நெருக்கியடித்து வாழ்கின்றனர். மணமான மகன் தாழ்வாரத்தை அடைத்துக் கொள்கிறான். அடுத்தவன் ஓடைப் புறம்போக்குக்குப் போகிறான்.

ஓடைப் புறம்போக்கின் கதியைக் கடலூர் ஜில்லாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி அடித்த தானே புயல், முந்திரியையும் பலாவையும் சாய்த்ததோடு எண்ணிறந்த குடிசைகளையும் வாரிச் சென்றது. 2015 நவம்பர் வெள்ளம் பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் உயிர்களையே பலி கொண்டது. ஆகவே மேட்டு நிலத்தில் ஒரு மனை என்பது இங்கே உயிர் காக்கும் விஷயமாகும்.

இதற்கு நிலச்சொந்தக்காரர்கள் கூறும் மறுமொழியை நாம் அலட்சியம் செய்யவில்லை. "1956-ல் நெய்வேலிக் கம்பெனி ஏற்பட்டது முதல் எங்கள் நிலங்கள் போய்க் கொண்டே இருக்கின்றன; 2023-ல் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் எந்திரம் ஏறியதைக் கண்டோம்; இன்னும் எங்களையே கேட்பதா?" என்கிறார்கள். அவர்களுடைய மனக்கொதிப்பு நியாயமானதே. ஆனால் பலவந்தமாக எடுக்கப்படுவது வேறு, தன் ஊரானுக்குத் தானே கொடுப்பது வேறு. மேலும், சுரங்கத்துக்குப் போகாத நிலம் உழவுக்கே நிற்கிறதா? வடலூர் நகராட்சியாகிவிட்டது. சாலையோர வயல்களில் வர்ணக் கற்கள் நட்டு மனை விற்கிறார்கள். அவற்றை வாங்குவோரில் பலர் அங்கே குடியேறுவதுமில்லை. நஞ்சையும் போயிற்று, உள்ளூரானுக்கு வீடும் இல்லை என்ற நிலை யாருக்கு லாபம்?

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். பாதைக்கும் கிணற்றுக்கும் மரத்துக்கும் 25 சென்ட் விட்டால், எஞ்சிய 75 சென்டில் மூன்று சென்ட் வீதம் 25 குடும்பங்கள் குடியேறலாம். பத்து மிராசுதார்கள் ஆளுக்குப் பத்து சென்ட் பங்கிட்டுக் கொண்டால் ஒரு சிற்றூரின் குறை தீரும். இனாமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் நாம் வற்புறுத்தவில்லை. இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஓர் ஏற்பாடு இருந்து வருகிறது. பொதுவாக வீடு கட்ட அனுமதி இல்லாத ஊர்ப்புற வயலில், உள்ளூர் எளியோருக்காக மட்டும் அனுமதி தருகிறார்கள். நிலச்சொந்தக்காரர் மனை விலை கேளாமல், சாகுபடி விலைக்குச் சற்று மேலாகப் பெற்றுக் கொள்கிறார். அவ்வீடுகள் பிற்காலத்திலும் உள்ளூராருக்கே உரியனவாக இருக்கின்றன. நம் நாட்டிலும் கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன் 1981-ல் ஏற்படுத்திய லாப்டி ஸ்தாபனம், கீழத் தஞ்சையில் மிராசுதார்களுடன் பேசி விலைக்கு நிலம் பெற்று, உழைக்கும் பெண்களின் பெயரிலேயே பத்திரம் எழுதி வைத்தது.

கொடுப்பதிலும் முறை வேண்டும். 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் ஒருவர் 100 ஏக்கர் ஈந்ததில் பிறந்தது வினோபாவின் பூதான இயக்கம். பின்னர் தேசமெங்கும் திரண்ட நிலத்தில் கணிசமான பகுதி கரடாகவும், வழக்கில் சிக்கியதாகவும், ஏழையின் கைக்கு வராததாகவும் போயிற்று. வடலூரிலேயே 2024-ல் பெருவெளியில் சர்வதேச மையம் அமைக்க சர்க்கார் முற்பட்டபோது, எங்கள் முன்னோர் இதற்கா கொடுத்தார்கள் என்று பார்வதிபுரத்தார் கிளர்ந்தெழுந்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. ஆகையால் கொடுக்கும் நோக்கமும் எல்லையும் பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். உரிமை குடும்பத்துப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். வெளியாருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனை இருக்கட்டும். வெள்ளம் ஏறாத இடமாக இருக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊருக்கு அப்பால் ஒதுக்குப்புறத்தில் இன்னொரு சேரியை உண்டாக்கும் ஈகை நமக்கு வேண்டாம். ஊர்த் தெருவின் தொடர்ச்சியாகவே புதுத் தெரு அமைய வேண்டும். சாதி பேதம் கூடாதென்று முழங்கிய அடிகளாரின் மண்ணில் இதைக்கூடச் செய்ய இயலாதென்றால், தைப்பூசத்துக்குக் கூடும் கூட்டத்தால் என்ன பயன்?

சர்க்காருக்கும் கடமை உண்டு. இவ்வகைப் பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணம் வாங்கலாகாது. மனைப்பிரிவு அனுமதிக்காக உழவனை ஆபீசுக்கு ஆபீஸ் அலைக்கழிக்கக் கூடாது. இடம் தயாரான அன்றே வீட்டுப் பணமும் குடிநீரும் வந்து சேர வேண்டும்.

ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கிராம சபையிலும் மனையற்ற குடும்பங்களின் ஜாபிதாவைத் தயாரியுங்கள். அதை எடுத்துக்கொண்டு நிலச்சொந்தக்காரர்களின் வாசலுக்குச் செல்லுங்கள். யாசகமாகக் கேட்க வேண்டாம். ஊரின் உரிமையாகக் கேளுங்கள். அந்த வயலை நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுத்த கைகளுக்கு அதன் ஓரத்தில் மூன்று சென்ட் தருவது தானமன்று, கடன் தீர்ப்பதேயாகும்.