எழுதியது சரி, பூட்டு எங்கே?

கோப்பில் எழுதும் நிரலைச் சோதிக்கச் சொன்னால் நம் மாணவர்கள் பலர் எழுதுவார்கள், திறந்து பார்ப்பார்கள், எழுதியது இருந்தால் முடித்துக்கொள்வார்கள். அது பாதிச் சோதனைதான் என்பது என் கருத்து.

சிகாமட்டில் ஒரு பள்ளியின் கணினிக் கழகம், லினக்ஸ் கணினி ஒன்றில் உறுப்பினர் பட்டியலை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் எல்லாம் அதில் உண்டு. கோப்பின் அனுமதி 600. அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம். நடுவில் மின்சாரம் போனாலும் பட்டியல் கெடக்கூடாது என்பதற்காக, நிரல் முதலில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, பிறகு அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. நல்ல முறைதான். ஆனால் பெயர்தான் பழையது, கோப்பு புதியது. சாதாரணமாகத் திறந்து எழுதிய புதிய கோப்புக்குப் பெரும்பாலும் 644 அனுமதிதான் கிடைக்கும். கோப்புறையும் திறந்திருந்தால், அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் நண்பர்களின் அடையாள அட்டை எண்களைப் படித்துவிடலாம். உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே 600 என்று வைத்து, நிரலை எழுதவிட்டு, இன்னும் 600தானா என்று பாருங்கள். ரூட் கணக்கில் மட்டும் ஓட்டாதீர்கள். ரூட்டை அனுமதி தடுக்காது. தோற்க வேண்டிய சோதனையும் தேறிவிடும்.

அடுத்தது, மாற்றிய நேரம். எதுவும் மாறாமல் ‘சேமி’யை அழுத்தினால் பழைய நேரமே இருக்க வேண்டும். 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ கருவி, எதை மறுபடி உருவாக்குவது என்பதை இந்த நேரத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. சோதிக்கக் காத்திருக்க வேண்டாம். கோப்புக்குப் பழைய தேதி ஒன்றை நீங்களே வைத்துவிடலாம். பென்டிரைவில் கவனம்: ஃபாட் முறை மாற்றிய நேரத்தை இரண்டு வினாடிக்கு ஒரு படியாகத்தான் குறிக்கும்.

யூனிக்ஸ் வகைக் கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளாக எண்ணுகின்றன. நமக்கென்றே ஒரு நல்ல சோதனை எண்ணும் இருக்கிறது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும், தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி நேராக நள்ளிரவுக்குப் போனது. நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று வைத்து, 378,662,399-ஆம் வினாடியைக் கேளுங்கள். இரவு 11:29:59 வர வேண்டும். அடுத்த வினாடி 12:00:00. ‘எட்டு மணி நேரம் கூட்டு’ என்று மட்டும் எழுதப்பட்ட நிரல் முதல் கேள்விக்கே 11:59:59 என்று சொல்லும்.