கஞ்சிக்குச் சமயம் கேட்கிறவர்களுக்கு

சில கிழமைக்கு முதல் எங்கட வட்ஸ்அப் குழுவுக்குள்ளும் அந்தப் படம் வந்து விழுந்தது. கன்னியாஸ்திரி ஒருவர் ஒரு வயதான அம்மாவிடம் உலர் உணவுப் பொதி குடுக்கிறார். கீழே பெரிய எழுத்தில்: "அரிசிக்கு ஆத்துமா வாங்குகிறார்கள். சைவத் தமிழா, விழித்தெழு!" அனுப்பினவர் வெளியாள் இல்லை, எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்.

எங்களுக்குள்ள சைவப் பிள்ளைகள் இருக்கினம், வேதக்காரப் பிள்ளைகள் இருக்கினம், இரண்டும் வேண்டாம் என்றவையும் இருக்கினம். அந்தப் படத்தைப் பற்றி இரண்டு இரவு சண்டை பிடித்தோம். அதில் தெளிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். யாருக்கும் நோகாமல் எழுத முயற்சிக்கவில்லை.

முதலில் எங்களுக்குள் இருந்தே இரண்டு கதை.

எங்களில் ஒருத்தியின் பெரியம்மா புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறா. 2009இல் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போனது. செயற்கைக்கால் உரசி உரசிப் புண் வரும். கிளினிக்குக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். அந்தப் புண்ணைத் துடைத்து மருந்து கட்ட கிழமைக்கு ஒருக்கால் ஸ்கூட்டியில் ஒரு சிஸ்டர் வருவா. ஆறு வருசமாக வருகிறா. ஒரு நாளும் "கோயிலுக்கு வாங்கோ" என்று கேட்டதில்லை. பெரியம்மா இன்றைக்கும் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிறா. வானுக்கு ஆள் பிடித்துவிடுவதே அந்தச் சிஸ்டர்தான்.

மற்றக் கதை அப்படி இல்லை. சண்டை முடிந்து முகாமில் இருந்த காலம், எங்களில் ஒருவனுக்கு ஒன்பது வயது. ஏதோ ஒரு சபையிலிருந்து புத்தகப் பை குடுக்க வந்தார்கள். பை வேண்டுமென்றால் முதலில் வரிசையில் நின்று கையை உயர்த்திப் பாட வேண்டும். அவன் பாடினான், பையை வாங்கினான். "அந்தப் பாட்டு இண்டைக்கும் பாடம். நினைச்சா இண்டைக்கும் கூசுது" என்கிறான்.

இரண்டும் வன்னியில் நடந்தவைதான். முதலாவதை மட்டும் சொன்னால் அது திருச்சபையின் விளம்பரம். இரண்டாவதை மட்டும் சொன்னால் அது அந்த வட்ஸ்அப் படம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகளையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. கிளிநொச்சியில் சனம் ஐ.நா. அலுவலக வாசலில் திரண்டு "போகாதேங்கோ" என்று கெஞ்சியது. வாகனங்கள் போய்விட்டன. செஞ்சிலுவைக் குழு நின்றது. சனத்தோடு சனமாகப் பாதர்மாரும் சிஸ்டர்மாரும் நின்றார்கள். வன்னி கியூடெக்கின் இயக்குநராக இருந்த பாதர் வசந்தசீலன் 2009 ஏப்ரலில் வலைஞர்மடத்தில் செல் பட்டு ஒரு காலை இழந்தார். முல்லைத்தீவுப் பங்குத்தந்தை ஜேம்ஸ் பத்திநாதரும் அங்கேதான் காயப்பட்டார். பாதர் சரத்ஜீவன் மே 18இல், சனத்தோடு வெளியே வரும்போது இதயம் நின்று செத்துப்போனார். அதே நாள் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பாதர் பிரான்சிஸ் ஜோசப் எங்கே என்று இன்றுவரை பதில் இல்லை. இவர்கள் அங்கே நின்றது ஆள் பிடிக்கவா? செல் விழுந்த பங்கருக்குள் யார் யாரை எதற்கு மாற்றுவது?

இதைச் சொல்வது வெள்ளை அங்கிக்குப் பூமாலை போட அல்ல. அதே வலைஞர்மடம் தேவாலயத்துக்குள் ஒளித்திருந்த பிள்ளைகளை இயக்கம் இழுத்துக்கொண்டு போனது, கோயிலால் தடுக்க முடியவில்லை. 1999 நவம்பரில் மடுவில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் செல் விழுந்து சுமார் 40 பேர் செத்தபோது மாதாவின் வளவும் காக்கவில்லை. புதுமாத்தளனில் மருந்தில்லாமல் வெட்டித் தைத்த டொக்டர்மார் அரச உத்தியோகத்தர்கள். அவர்களின் சமயம் என்னவென்று காயப்பட்ட ஒருவரும் கேட்கவில்லை. ஆர் நிண்டது, ஆர் போனது என்பதுதான் எங்கட சனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் வேதக்காரருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதைக் கிழித்தெறிய எவருக்கும் உரிமை இல்லை.

"சோத்துக்கு மாறினவை" என்ற ஏச்சு எங்கட கண்டுபிடிப்பு அல்ல. சீனத்திலும் இதே ஏச்சு இருந்தது. மிசன் சோற்றுக்காகச் சேர்ந்தவர்களை "மதத்தைத் தின்னுகிறவர்கள்" என்று பழித்தார்கள். 1835இல் கன்ரனில் கண் ஆஸ்பத்திரி திறந்த பீற்றர் பாக்கரை அனுப்பியது அமெரிக்க மிசன். யாழ்ப்பாணத்துக்கு ஸ்கடரையும் பிறகு கிறீனையும் அனுப்பியதும் அதே மிசன்தான். ஒரே கிணற்றுத் தண்ணி இரண்டு வாய்க்காலில் ஓடியது. பாக்கர் ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணைத் திறந்தார். 1844இல் சீனாவின் தலையில் அமெரிக்கா கட்டிய வாங்சியா ஒப்பந்தத்துக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவரும் அவரே. துறைமுக நகரங்களில் ஆஸ்பத்திரியும் தேவாலயமும் கட்ட அந்த ஒப்பந்தத்திலேயே இடம் எழுதப்பட்டது. ஆகவே சேவைக்குப் பின்னால் ஏகாதிபத்தியம் நின்றது என்பது பொய் இல்லை. ஆனால் 1900இல் பொக்சர் கிளர்ச்சியில் அதற்கு விலை குடுத்தது யார்? பெரும்பாலும் சீனக் கிறிஸ்தவர்களான ஏழைக் கிராமத்தவர்கள், ஆயிரக்கணக்கில். வெறும் சோற்றுக்கு வந்தவர்கள் என்று பழிக்கப்பட்ட அவர்களில் பலர் கத்தி கழுத்துக்கு வந்தபோதும் மறுதலிக்கவில்லை.

இந்த ஏச்சு பாதரைச் சுடுவதில்லை. பொதி வாங்கின அம்மாவைத்தான் சுடுகிறது. அவவுக்குப் புத்தி இல்லை, அவவின் மனச்சாட்சிக்கு விலை ஐந்து கிலோ அரிசி என்று சொல்கிறது. ஷெல்லுக்குள்ளும் முகாமுக்குள்ளும் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த மனிசிக்கு ஒரு பொதியை எடைபோடத் தெரியாதா? அவ மாறினால் அது அவவின் முடிவு. மாறாவிட்டாலும் அவவின் முடிவு. எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதை விடப் பயங்கரமான ஒன்று இருக்கிறது. இந்த வாதத்தை ஏற்கனவே கொழும்பில் ஒரு தரம் கூர்தீட்டி வைத்திருக்கிறார்கள். மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி பதிவுசெய்யும் மசோதா அரசியலமைப்புக்கு முரண் என்று 2003இல் உயர்நீதிமன்றம் தீர்மானித்தது. பலவீனமான சனத்துக்கு உதவி செய்துகொண்டே சமயத்தையும் பரப்பினால் அது ஆசைகாட்டி மாற்றுவதாகும், பௌத்தத்துக்குக் குடுத்த முதலிடத்துக்கும் ஊறு என்பது அதன் சாரம். 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, இது அந்தச் சிஸ்டர்மாரின் உரிமையை மீறியது என்று சொன்னது. இடையில் 2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடை மசோதாவைக் கொண்டுவந்தது. 2016 ஒக்டோபரில் வவுனியாவில் சிவசேனை தொடங்கியபோது அந்தக் குரல் தமிழில் கேட்கத் தொடங்கியது. ஆரின்ர கத்தியைத் தூக்கி ஆரை வெட்டப் பாக்கிறியள்? குருந்தூர் மலையிலும் வெடுக்குநாறி மலையிலும் எங்கட சைவச் சனம் எந்தப் பேரினவாதத்தோடு மல்லுக்கட்டுகிறதோ, அதன் வாதத்தையே கடன் வாங்கிப் பக்கத்து வீட்டு வேதக்காரனுக்கு நீட்டுகிறீர்கள். கடன் குடுத்தவன் ஒரு நாள் வட்டி கேட்டு வருவான்.

சைவத்தைக் காப்பாற்றத்தான் வேண்டுமென்றால் நாவலரையாவது பாருங்கள். மிசன் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1877 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார். அவரின் சாதிப் பார்வையோடு எங்களுக்குத் தீராத சண்டை இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடத்தால் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. நீங்கள் பதிலுக்கு என்ன கட்டினீர்கள்? கோபுரம் உயர்ந்திருக்கிறது, வெளிநாட்டுக் காசில் தேர் ஓடுகிறது. கிளிநொச்சி மகாதேவ ஆச்சிரமம் மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கிற சைவ இல்லங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. அப்படி இன்னும் பத்து வரட்டும். பெரியம்மாவின் புண்ணுக்கு மருந்து கட்ட, நெற்றியில் திருநீறோடு ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வரட்டும். முதல் ஆளாக நாங்கள் கைதட்டுவோம்.

இனித் திருச்சபைகளுக்கு. தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

நன்றாகச் செய்கிறவர்களை எங்களுக்குத் தெரியும். வவுனியாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கிளரேசியன் துறவிகள் நடத்தும் வரோட்டுக்குப் போய்ப் பார்த்தால் சேவை என்றால் என்னவென்று விளங்கும். மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, 'மனுஷ அங்காதிபாதம்' எழுதிய கிறீன் வைத்தியரின் வழியும் அதுதான். தன் மாணவர்கள் உடையிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்று விரும்பினவர் அவர். ஆனால் அந்த நல்ல பெயருக்குப் பின்னால் ஒளிக்கிறவர்களும் இருக்கினம். ஆகவே கேட்கிறோம்.

ஒன்று: பொதிக்கு முதல் செபம் வேண்டாம். செபிக்க விரும்புகிறவை ஞாயிற்றுக்கிழமை வரட்டும். இரண்டு: வாங்குகிறவரின் முகத்தைப் படமெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். அந்த வட்ஸ்அப் படமே உங்கட ஆக்கள் எடுத்த படம்தானே? மூன்று: சனத்தின் பேரில் வந்த காசின் கணக்கைச் சனத்துக்குக் காட்டுங்கள், பங்கு அறிவித்தல் பலகையில், தமிழில். நான்கு: சிறுவர் இல்லத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் உங்களைத் தாண்டி வெளியே முறையிட வழி இருக்க வேண்டும். தாய் உயிரோடு இருந்தும் வறுமையால் இல்லத்தில் விடப்படுகிற பிள்ளைக்கு இல்லத்தை விட, அந்தத் தாய்க்கு ஒரு வருமானம் நல்லது. ஐந்து: யாருக்குக் கை குடுக்கிறீர்களோ அவர்களையும் முடிவெடுக்கிற மேசையில் இருத்துங்கள்.

கடைசியாக, இந்தச் சண்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிற ஒருவர் இருக்கிறார், அரசு. சிஸ்டர் ஏன் வர வேண்டியிருக்கிறது? கிராமத்துக்குத் தாதி வராதபடியால். கால் இழந்தவருக்கு மருந்து கட்டுவது தருமம் அல்ல, அந்தக் காலுக்குப் பொறுப்பான அரசின் கடன். மடு மண்ணின் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல் ஆணைக்குழு முன்னால் போய் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். எங்களைப் பொறுத்தவரை கஞ்சி குடுத்ததை விட அந்தக் கேள்விதான் அவர் செய்த பெரிய சேவை. திருச்சபைகளிடம் இன்றைக்கும் நாங்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். புண்ணுக்கு மருந்தும் கட்டுங்கள், அந்தப் புண் யாரால் வந்தது என்றும் கேளுங்கள்.

அந்தப் படத்தை அனுப்பின நண்பனுக்கு ஒரு பதில் போட்டோம். "வாற சனிக்கிழமை புதுக்குடியிருப்புக்கு வா. பெரியம்மாவுக்கு மருந்து கட்ட சிஸ்டருக்கு அண்டைக்கு வரேலாதாம். நீ கட்டு."

பார்த்துவிட்டான். நீல அடையாளம் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.