தொட்டி மீனை ஓடையில் விடுவது புண்ணியம் அல்ல

மனுரேவாவில் வீடு மாறுகிற, அல்லது மூட்டை கட்டிக்கொண்டு மெல்போர்னுக்கோ பிரிஸ்பேனுக்கோ கிளம்புகிற தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போடும் விளம்பரங்களில் அடிக்கடி ஒரு வரி கண்ணில் படும்: "மீன் தொட்டி, மீன்களோடு, இலவசம்." சோபாவுக்கும் ரைஸ் குக்கருக்கும் உடனே ஆள் வந்துவிடும். மீனுக்கு வராது. கடைசி நாள் வரை யாரும் எடுக்காத மீன் என்ன ஆனது என்று கேட்டால், நான் ஒரு தடவைக்கு மேல் கேட்டிருக்கும் பதில் இது: "பொட்டானிக் கார்டன் பக்கம் ஓடையில விட்டுட்டோம் அண்ணா. பாவம், இனிமேலாவது சுதந்திரமா இருக்கட்டும்."

சொல்கிறவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். உயிரைக் கொல்லாமல் தண்ணீரில் விட்டால் புண்ணியம் என்பது நமக்குள் ஊறிய நினைப்பு. ஆனால் தங்க மீன் விஷயத்தில் இந்த நினைப்பு தலைகீழாகிவிடுகிறது. அந்த விடுதலையால் ஓடைக்குக் கேடு. சட்டப்படி குற்றமும்கூட. வளர்க்க முடியாதவர் அதை ஓடையில் விடக் கூடாது. விட வேண்டிய நிலை வராமல் இருக்க, வாங்கும்போதே யோசிக்க வேண்டும். இந்த இரண்டையும்தான் சொல்ல வருகிறேன்.

குளிர் தாங்கும் மீன்

தங்க மீன் குளிர்நீர் மீன். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, மங்கலான நிறமுள்ள ஒரு குளத்துக் கெண்டையிலிருந்து நிறத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். ஓரண்டா, ரெட் கேப், காமெட் என்று எத்தனை உருவம் எடுத்தாலும் உள்ளே இருப்பது அதே கெண்டைதான்.

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மே மாத வெயிலில் தங்க மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால் நம்மூரில் மோட்டார் இல்லாமல் தங்க மீன் வளர்ப்பது கஷ்டம். ஆக்லாந்தில் நிலைமை வேறு. நம்மூர் கப்பிக்கும் ஃபைட்டருக்கும் இங்கே ஹீட்டர் வைத்து 25 டிகிரி அளவில் தண்ணீரைச் சூடாக்கியே ஆகவேண்டும். கரண்ட் பில்லும் ஏறும். தங்க மீனுக்கு அந்தச் செலவு இல்லை. ஜூலை மாதக் குளிரில் நாம் ஹாலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்போம். அது பாட்டுக்கு நிதானமாக நீந்திக்கொண்டிருக்கும்.

வாடகை வீட்டில் நாய், பூனை என்றாலே யோசிக்க வேண்டியிருக்கிறது. "அப்பா, ஒரு பெட் வேணும்" என்று நச்சரிக்கும் பிள்ளைக்கு மலிவான, சத்தம் போடாத பதில் தங்க மீன். அதில் தவறில்லை. ஆனால் குளிரைத் தாங்கும் குணம்தான் இதை வளர்ப்பதைச் சுலபமாக்குகிறது. அதே குணம்தான் இதை வெளியே விடுவதை ஆபத்தாக்குகிறது. ஓடையில் விட்ட கப்பி இந்த ஊர்க் குளிரில் தாக்குப்பிடிப்பது கடினம். தங்க மீன் பிழைக்கும், வளரும், குட்டிப் பட்டாளமே போடும்.

மீன் எடுத்துக்கொண்டு போகும் திருஷ்டி

ஓடைக்குப் போகும் முன்பே செத்துப்போகும் மீன்களும் உண்டு. நம் வீடுகளில் அதற்கு ஒரு தயார் விளக்கம் இருக்கிறது. "நமக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு." வாஸ்துக்காகத் தொட்டி வைப்பவர்கள் பலர். எட்டு தங்க நிறம், ஒரு கறுப்பு என்ற கணக்கும் உண்டு. ஒன்று செத்தால் அழுவதில்லை. திருஷ்டி கழிந்தது என்று நிம்மதியாக அடுத்ததை வாங்கி வருகிறார்கள்.

அந்த மீன் எதனால் செத்தது என்பதற்கு ஜாதகம் தேவையில்லை. மீனின் கழிவில் முக்கியமானது அம்மோனியா. அது பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. தொட்டியின் ஃபில்டரிலும் கூழாங்கல்லிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாம் செய்வது என்ன? சனிக்கிழமை தொட்டி வாங்கி, அன்றைக்கே ஒன்பது மீனையும் விடுகிறோம். ஃபில்டர் இல்லாத சின்னக் கண்ணாடிக் கிண்ணம் என்றால் கேட்கவே வேண்டாம். மீன் தன் கழிவிலேயே மூழ்கிச் சாகிறது. அது எடுத்துக்கொண்டு போனது நம் கண்டத்தை அல்ல. நாம் கொடுத்த கண்டத்தை.

ஆக்லாந்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. மீனின் செவுளுக்கும் அந்த நல்ல பாக்டீரியாவுக்கும் அது ஆகாது. நம்மூர்க் கடைகளில் சின்ன பாட்டிலில் 'ஆன்டி குளோரின்' என்று தருவார்களே, அதேதான் இங்கே 'வாட்டர் கண்டிஷனர்'. தண்ணீர் மாற்றும்போது அதைக் கலக்க வேண்டும். முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவக் கூடாது. வாரத்துக்கு கால்வாசி மாற்றினால் போதும். ஃபில்டர் பஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் பாக்டீரியா பிழைக்கும். தீனியைக் குறைவாகப் போட வேண்டும். தங்க மீனுக்கு இரைப்பையே கிடையாது. போட்டதெல்லாம் குடல் வழியே சீக்கிரம் கழிவாக வெளியே வரும். இரண்டு மீனுக்கு நூறு லிட்டர் தொட்டியாவது வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிக் கவனித்தால் எவ்வளவு நாள் வாழும்? பத்து, பதினைந்து ஆண்டுகள் சாதாரணம். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்க மீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்து கின்னஸ் சாதனை படைத்தது. அதற்கு மூன்று விநாடிதான் ஞாபகம் என்பதும் கட்டுக்கதை. 2003-ல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாளின் குறிப்பிட்ட நேரத்தில் நெம்புகோலை அழுத்தினால் தீனி வரும் என்பதைத் தங்க மீன்களுக்குப் பழக்கிக் காட்டினார்கள். நியூசிலாந்தின் 1999 விலங்கு நலச் சட்டம் மீனையும் விலங்கு என்றே சொல்கிறது. நாய்க்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோமோ, அதே அடிப்படைக் கடமை மீனுக்கும் உண்டு.

ஆக, ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கும் மீன், அந்தப் பிள்ளை யூனிவர்சிட்டி போகும்வரை உயிரோடு இருக்கலாம். விசா, வேலை, வாடகை எல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறும் நம் வாழ்க்கையில் இது சின்ன விஷயம் இல்லை. ஆஸ்திரேலியா போகும்போது அதைப் பையில் போட்டு எடுத்துப் போகவும் முடியாது.

ஓடைக்கு என்ன ஆகும்?

பொட்டானிக் கார்டன் வழியாகப் போகும் புஹினுய் ஓடை, நம் வீடுகளையும் விரி தொழிற்பேட்டையையும் கடந்து மானுகாவ் துறைமுகத்தில் கலக்கிறது. இந்த ஊர் ஓடைகளில் வாழும் விலாங்குகளில் ஒரு வகை நூறு வயது வரைகூட வாழக்கூடியது. முட்டையிட வெப்பமண்டல பசிபிக் கடல்வரை நீந்திப் போகும். இனாங்கா, கோகோபு போன்ற சின்ன மீன்களின் குஞ்சுகளைத்தான் இங்கே ஒயிட்பெய்ட் என்று ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். மாவோரி மக்களுக்கு இவை வெறும் மீன் அல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த உணவு, உறவு.

தங்க மீன் அங்கே போனால் அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலங்கடிக்கும். நீர்ச்செடியையும், சின்னப் பூச்சிகளையும், மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும். ஒரு பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் மர்டாக் பல்கலைக்கழகத்தினர் தங்க மீன்களைப் பின்தொடர்ந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மீன் ஒரே ஆண்டில் 230 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியிருந்தது. சில மீன்கள் இரண்டு கிலோ எடையை நெருங்கியிருந்தன. கிண்ணத்தில் விரல் நீளம் இருந்த அதே இனம்தான்!

பக்கத்திலேயே பெரிய பாடம் இருக்கிறது. 1960களில் நியூசிலாந்துக்கு வந்த தங்க மீன் சரக்கோடு தெரியாமல் கலந்து வந்தது கோய் கெண்டை. இன்று வைகாட்டோ ஆற்றின் கீழ்ப்பகுதி முழுக்க அதன் ராஜ்ஜியம். 75 சென்டிமீட்டர், பத்து கிலோவரை வளர்கிறது. சென்னையில் வாசல் குளத்தில் கோய் விடுவது அந்தஸ்து. இங்கே அது தடை செய்யப்பட்ட உயிரினம். தெரிந்தே விற்றால், பரப்பினால் ஐந்து ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் டாலர்வரை அபராதம் என்று 1993 உயிரியல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தங்க மீனை வளர்க்கத் தடை இல்லை. ஆனால் 1987 கன்சர்வேஷன் சட்டப்படி, அனுமதி இல்லாமல் எந்த மீனையும் புது நீர்நிலையில் விடக் கூடாது.

தொட்டித் தண்ணீரையும் செடியையும் தெருவோர வடிகாலில் கொட்டுவதும் இதே கதைதான். மழைநீர் வடிகால் நேராக ஓடைக்குப் போகிறது. மீன் தொட்டி வழியாக நாட்டுக்குள் வந்த ஹார்ன்வோர்ட் போன்ற செடிகள் இன்று ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தண்ணீரைப் புல்வெளிக்கு ஊற்றுங்கள். புல்லுக்கு நல்ல உரம். தோட்டத்தில் திறந்த தொட்டி வைத்திருப்பவர்கள் 2023 ஜனவரி 27-ல் ஆக்லாந்தில் பெய்த மழையை நினைத்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு, அமேசான் ஆற்று அரபைமா மீன் சாலக்குடி ஆற்றில் வலையில் சிக்கியது. யாரும் அதைக் கையால் விடவில்லை. வெள்ளமே கொண்டுபோய் விட்டது.

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். "ட்ரவுட்டும் வெளிநாட்டு மீன்தானே? அதை மட்டும் லைசென்ஸ் போட்டுப் பாதுகாக்கிறாங்களே?" நியாயமான கேள்வி. 1860களில் குடியேற்றக்காரர்கள் ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள். அதனாலும் உள்ளூர் மீன்கள் அடிவாங்கின. எந்த மீன் 'நல்ல' வெளிநாட்டு மீன் என்பதில் அதிகாரத்தில் இருப்பவரின் ரசனையும் கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன் நடந்த தவறு, புஹினுய் ஓடையில் நாம் இன்று செய்யும் தவறுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அவர்கள் இந்த மண்ணின் மக்களைக் கேட்காமல் செய்தார்கள். நமக்குத் தெரிந்தே செய்தால், நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

சரி, மீனை என்னதான் செய்வது? ஊரை விட்டுப் போவது முடிவானதுமே ஆள் தேடத் தொடங்குங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். மீன் கடைகளில் சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். போன் போட்டுக் கேளுங்கள். டிரேட் மீயில் போடலாம். நம் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் புத்தகம் கைமாற்றுவதுபோல மீனுக்கும் ஒரு கைமாற்றுப் பட்டியல் வைத்திருக்கலாம்; ஒரு தன்னார்வலரும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். புதிதாக வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும். பிழைக்க வழியில்லாத நோயுற்ற மீன் என்றால், வலியில்லாமல் முடித்துவைக்க ஒரு கால்நடை மருத்துவரைக் கேட்பதுதான் கருணை.

மீன் கேட்கும் பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்லச் சொல்லவில்லை. தொட்டியை முதலில் வாங்கி, ஃபில்டரை ஓடவிட்டு, தண்ணீர் தயாராகும்வரை ஆறு வாரம் பிள்ளையோடு சேர்ந்து காத்திருங்கள். அந்த ஆறு வாரமும் ஆசை குறையாமல் இருந்தால், பதினைந்து ஆண்டுப் பொறுப்புக்கு வீடு தயார். குறைந்துவிட்டால் ஒரு மீன் பிழைத்தது, ஓடையும் பிழைத்தது.