இருக்கிற பாஸ்வேர்டைக் காட்ட என்ன தடை?

போனுக்கு ஆபீஸ் வைஃபையின் பாஸ்வேர்டு தெரியும். ஆபீஸ் படியேறியதுமே, நான் எதையும் தொடாமலே, வைஃபையோடு தானாகச் சேர்ந்துகொள்கிறது. அந்த எழுத்துகள் அதனிடம் இல்லையென்றால் ரூட்டர் அதை உள்ளேயே விடாது. ஆனால் அதையே எனக்கு ஒரு தடவை காட்டு என்று செட்டிங்ஸில் போய்த் தேடினால், வரிசையாகப் புள்ளி வைத்துக் காட்டுகிறது. காசு கொடுத்து வாங்கிய போன், மாதாமாதம் பில் கட்டுகிற நெட். பாஸ்வேர்டு மட்டும் நமக்குத் தெரியக்கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரோலிங் மில், ஃபேப்ரிகேஷன் ஷெட் என்று இங்கே திரும்பின பக்கமெல்லாம் தகரக் கூரையும் இரும்புத் தூணும்தான். ரோட்டில் முழு சிக்னல் காட்டுகிற போன், ஷெட்டுக்குள் வந்ததும் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அதுவும் சில மூலைகளில் கிடையாது. தகரமும் இரும்பும் அலைகளைத் தடுத்துவிடுகின்றன. அதனால் உள்ளே வேலை நடக்க வைஃபையை விட்டால் வேறு கதியில்லை. சரக்கு ஏற்றியாகிவிட்டது, லாரி கேட்டில் நிற்கிறது, தடா தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போக வேண்டும். ஆரம்பாக்கத்தைக் கடந்தால் ஆந்திரா. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் போடாமல் வண்டியை எடுக்கக்கூடாது. 2018 ஏப்ரலில் இருந்து இதுதான் சட்டம். பில் இல்லாமல் வழியில் பிடிபட்டால், கட்ட வேண்டிய வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அந்த பில்லைப் போட நெட் வேண்டும், சைட்டுக்குள் நுழைய ஓடிபி வேண்டும்.

இப்படி ஒரு நாளில்தான் எங்கள் ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பழையது படுத்துவிட்டது. புதியதை ஆன் செய்தவுடன் அது கேட்ட முதல் கேள்வி வைஃபை பாஸ்வேர்டு. யாருக்கும் தெரியவில்லை. நெட் கொடுக்க வந்த பையன் அவனே ஏதோ ஒன்றைப் போட்டு, அப்போதிருந்த சூப்பர்வைசரின் போனில் அவன் கையாலேயே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனவன். சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய்ப் பல நாளாகிறது. அவர் போனில் இருந்து இன்னொரு போன், அதிலிருந்து இன்னொன்று என்று ஸ்கேன் பண்ணியே பரவியிருக்கிறது. பாஸ்வேர்டு எல்லார் போனிலும் இருந்தது, ஒருத்தர் வாயிலும் இல்லை. ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சூட்டிலும் இரும்புத் தூசியிலும் கறுத்து உரிந்துபோயிருந்தது. படிக்க முடிந்திருந்தாலும் அதில் இருப்பது பழைய பாஸ்வேர்டுதான். நெட்காரருக்குப் போன் போட்டால் லைனில் இருக்கிறேன், சாயங்காலம் வருகிறேன் என்றார்.

லாரி டிரைவர் ஜன்னலண்டை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தார். "மேடம், பில்லு ஆச்சா? அங்க கேட்டு மூடிட்டான்னா நாளைக்குத்தான் மேடம் எறக்குவான்." அவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போச்சு. அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? சரக்கு ரெடி, வண்டி ரெடி, ஆள் ரெடி, என் கையில் இருக்கிற போன் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்றா?

என் போனில் வைஃபை பெயரைத் தட்டி, ஷேர் என்பதை அழுத்தி, விரல் ரேகை வைத்தால் ஒரு கியூஆர் கட்டம் வரும். சில கம்பெனி போன்களில் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தாக இருக்கிறது. என்னுடையதில் கட்டம் மட்டும்தான். இன்னொரு போன் என்றால் கேமராவால் ஸ்கேன் செய்துகொள்ளும். மேஜையில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்குக் கேமரா ஏது? பிரிண்டருக்கு? விரல் வைத்து வருகைப் பதிவு செய்கிற மெஷினுக்கு? அவற்றுக்கெல்லாம் எழுத்து எழுத்தாக அடித்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியில் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி தம்பிதான் வழி சொன்னான். "அக்கா, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போடுங்க." போட்டேன். வந்தது. வைஃபையின் பெயர், பூட்டின் வகை, அடுத்து பாஸ்வேர்டு, ஓர் எழுத்தைக்கூட மறைக்காமல். கேப்பிட்டல் ஐ-யா, ஸ்மால் எல்-லா என்று தடவித் தடவி அடித்துச் சேர்த்தோம். பில் போட்டோம், வண்டி கிளம்பியது.

வண்டி போனபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. கியூஆர் என்பது ரகசியப் பூட்டு ஒன்றும் இல்லை. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைச் சுலபமாக அடையாளம் காண்பதற்காக உண்டாக்கிய கட்டம் அது. எல்லாரும் படிப்பதற்காகவே செய்தது. வைஃபைக்காகப் போன் காட்டுகிற கட்டத்தில் பாஸ்வேர்டு அப்படியே பச்சையாக இருக்கிறது. அதைப் போட்டோ எடுக்கிற எவனும் படித்துவிடலாம். திருடனுக்குத் தெரியக்கூடாது என்றால் கட்டத்தையும் காட்டக்கூடாது. கட்டத்தைக் காட்டிவிட்டு எழுத்தை மறைப்பது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவது மாதிரி. இதில் திருடனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வேலை நேரத்தில் தவிக்கிறவர்கள் நாம்தான்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன் தொலைந்தால் எடுத்தவன் கையில் பாஸ்வேர்டு போய்விடக்கூடாது, சரிதான். அதற்குத்தானே முதலில் விரல் ரேகையோ பின் நம்பரோ கேட்கிறது? கேட்டு, நான்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகும் மறைத்தால் யாரிடமிருந்து மறைக்கிறார்கள்? ஐபோன் 2007-இல் வந்தது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டைப் போனின் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம் என்று ஆனது 2022-இல், ஐஓஎஸ் 16-இல்தான். ஆண்ட்ராய்டில் இந்தக் கியூஆர் வசதி பொதுவாக வந்ததே 2019-இல், ஆண்ட்ராய்டு 10-இல்தான். அதற்கு முந்தைய போன்கள் பலவற்றில் பாஸ்வேர்டு உள்ளே ஒரு ஃபைலில் கிடக்கும். ரூட் செய்யாமல், அதாவது போனின் உள்பூட்டை உடைக்காமல், அதைத் தொடக்கூட முடியாது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் எழுத்தைக் காட்டும் வசதி அதற்கெல்லாம் பல வருஷம் முன்பே வந்தாயிற்று.

இப்படிப்பட்ட பழைய போன்கள் யார் கையில் இருக்கின்றன? புதுகும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரே ரூமில் பாய் விரித்துப் படுக்கிற ஒடிசா, பீகார் பையன்களின் கையில். உலைச்சூட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து, ராத்திரி ஊரில் இருக்கும் அம்மாவிடமோ குழந்தையிடமோ முகம் பார்த்துப் பேசுவதுதான் அவர்களுக்கு அன்றைய நாளின் நிம்மதி. நெட்டுக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறார்கள். பாஸ்வேர்டை மட்டும் ஹவுஸ் ஓனர் சொல்ல மாட்டார். போனை வாங்கி அவரே அடித்துத் தருவார். போன் ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வந்தால் எல்லாம் அழிந்திருக்கும். அந்தப் பையன் மறுபடியும் அவர் வாசலில் நிற்க வேண்டும். அவர் ஊருக்குப் போயிருந்தால் இரண்டு நாள் பேச்சு கிடையாது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் போனில் நெட் ஓடிக்கொண்டிருக்கும், அவனாலும் எடுத்துச் சொல்ல முடியாது. பாஸ்வேர்டைக் காட்டித் தருகிறோம் என்று வரும் ஆப்களை நம்பி இறக்குகிறார்கள். ரூட் செய்யாத போனில் அந்த ஆப்பால் எதையும் எடுக்க முடியாது, விளம்பரம்தான் மிச்சம்.

ஆளாளுக்கு ஒரு யோசனை வேறு சொல்வார்கள். ரூட்டரின் பின்னால் இருக்கும் துளையில் குண்டூசியை விட்டு ரீசெட் பண்ணிவிடு என்பார்கள். பண்ணினால் வைஃபை பாஸ்வேர்டோடு, நெட்காரர் ஏற்றிவைத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும், பல இணைப்புகள் அப்படித்தான். அப்புறம் அவர் வந்து திரும்ப ஏற்றும் வரை மொத்த ஆபீஸும் இருட்டு. அவர் வந்து புதுப் பாஸ்வேர்டு போட்டால் கேமரா, பிரிண்டர், வருகைப் பதிவு மெஷின் ஒவ்வொன்றிலும் மறுபடி முதலில் இருந்து அடிக்க வேண்டும்.

போன் கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. விரல் ரேகை வாங்கிய பிறகு, அந்தக் கட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி, படிக்கிற அளவு எழுத்தில். ஐ-யும் எல்-லும் வித்தியாசம் தெரிகிற எழுத்தில். நெட் கொடுக்க வருகிறவர்கள், பணம் வாங்கிய ரசீதின் பின்பக்கத்திலேயே வைஃபையின் பெயர், பாஸ்வேர்டு, ரூட்டருக்குள் நுழைகிற பாஸ்வேர்டு மூன்றையும் பேனாவால் எழுதி, தேதி போட்டு, ஆபீஸில் இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கட்டும்.