மகன் இருந்தால் பென்ஷன் கேட்கக் கூடாதா?



இந்தப் பகுதியில் மாமியார் மீது குறை சொல்லித்தான் நிறைய கடிதங்கள் வருகின்றன. நான் என் மாமியாருக்காக எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். லோடு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. மாமியாருக்கு 67 வயது. நாற்பது வருஷம் நடவு, களை என்று வயலில் குனிந்தவர், இப்போது இடுப்பு நிமிரவில்லை. மாமனாரும் இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும். ஆனால் பஸ்சுக்கும் வெற்றிலைக்கும், பேரன் கேட்டால் ஒரு முறுக்கு வாங்கித் தரவும் என்னிடம்தான் கை நீட்ட வேண்டும். கேட்க மாட்டார், பேசாமல் வாசலில் உட்கார்ந்திருப்பார். பார்க்கிற எனக்குத்தான் சங்கடம்.

முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று நான் ரொம்ப நாளாக நினைத்தும் போடவில்லை. ஏன் தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன், பயம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. வீட்டில் ஒருவர் முதியோர் பென்ஷன் வாங்கினால் மருமகளுக்கு அந்த ஆயிரம் கிடைக்காது என்று தெருவில் ஒரே பேச்சு. அது முழுப் பொய்யும் இல்லை. முதலில் விதி அப்படித்தான் இருந்தது. ஆனால் 2023 ஆகஸ்டிலேயே அதைத் தளர்த்தி, பென்ஷன் வாங்கும் முதியவர் உள்ள வீட்டிலும் மற்ற தகுதிகள் இருக்கிற பெண் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்து, தனியாக முகாமும் நடத்தினார்கள். பழைய பேச்சு நின்ற அளவுக்குப் புது அறிவிப்பு எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அதை நம்பி நானும் ஒரு வருஷம் மாமியார் வாயைக் கட்டிப் போட்டேன். இன்றும் உறுத்துகிறது.

2024-ல் இ-சேவை மையத்தில் பதிந்தோம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று போய், சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று உள்ள தனி தாசில்தாரிடம் முடியும் விஷயம் இது. விசாரணையில் கேட்ட முதல் கேள்வியே, "மகன் இருக்காருல்ல?" என்பதுதான். "இருக்கார்" என்றேன். "அவர்தானே சோறு போடறார்?" "ஆமாம் சார்." அவ்வளவுதான், மனு தள்ளுபடி.

திரும்பப் போடும்போது மகன் கவனிப்பதில்லை என்று எழுதினால் நடக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் எங்கம்மாவுக்குச் சோறு போடலைன்னு ஊரறிய எழுதிக் குடுக்கணுமா?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவர் இரண்டு நாள் பேசவில்லை. மாமியாரோ, "பிள்ளையைக் குறை சொல்லி வர்ற காசு எனக்கு வேணாம் தாயி" என்றார்.

இதைத்தான் சகோதரிகளோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன். இந்தத் திட்டம் நம் மாநிலத்தில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. யாருமே இல்லாதவர்களுக்கு என்றுதான் அன்று வைத்தார்கள். 'ஆதரவற்ற' என்ற சொல் அப்படி வந்தது. 2011-ல் 1,000 ரூபாய், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் என்று தொகை உயர்ந்தது. ஆனால் மகன் இருந்தால் ஆதரவும் இருக்கிறது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. தினக்கூலி வாங்குகிற மகனால் தாய்க்கு ஒரு வாய் சோறு போட முடியும். கைச்செலவுக்குக் காசு கொடுக்க முடிகிறதா? ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரிடம் "உமக்கு மகன் இருக்கானா?" என்று கேட்டா பென்ஷன் கொடுக்கிறார்கள்? வயலில் உழைத்தவளிடம் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்து ஜீவனாம்சம் கேட்க 2007-ல் வந்த சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான், வசதி இருந்தும் கொடுக்காத மகனுக்கு அது சரி. கொடுக்கவே இல்லாத மகனை எந்த ஆர்.டி.ஓ. என்ன செய்வார்?

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 கணக்கில் விதவை, மாற்றுத்திறனாளி எல்லாம் சேர்த்து 30 லட்சம் பேருக்கு மேல் பென்ஷன் வாங்கினார்கள். மத்திய அரசு தன் பங்கை 2006-ல் 200 ரூபாய் ஆக்கியது. 2011-ல் 80 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் 500 ஆயிற்று. 2023-ல் 1,200 ஆனபோதும் மற்றவர்களுக்கு மத்தியப் பங்கு அதே 200-தான், மீதி மாநிலத்தின் தலையில். மாடி வீட்டுக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள் என்பதும் தெரியும். அதற்கு வருமானத்தையும் சொத்தையும் பார்க்கட்டும். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுக்கச் சொல்ல வேண்டாமே!

எங்களுக்கு வழி எப்படிக் கிடைத்தது என்றால், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில்தான். அங்கே மனு எழுதித் தரும் பெரியவர், "பொய் எதுக்கும்மா? உள்ளதை எழுதலாம்" என்றார். மகனோடு இருக்கிறார், மகனுக்குத் தினக்கூலி, நிலம் கிடையாது, தனக்கென்று எந்த வருமானமும் இல்லை என்று எழுதினார். வீட்டுக்காரரே அதைப் படித்துப் பார்த்து, "இது சரி" என்றார். மறுபடி விசாரணை வந்து, ஏழு மாதம் கழித்து உத்தரவு கிடைத்தது.

முதல் மாதம் கைரேகை மெஷின் மாமியார் விரலை ஏற்கவில்லை. நடவு நட்டுத் தேய்ந்த விரல்! ஒவ்வொரு விரலாக வைத்து, கடைசியில் இடது கை மோதிர விரலில்தான் விழுந்தது. பென்ஷன்காரர்களுக்குப் பொங்கல், தீபாவளிக்கு வேட்டி சேலையும் ரேஷன் கடையில் மாதா மாதம் இலவச அரிசியும் உண்டு என்பதையும் அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். வாங்குகிற பலர் இதைக் கேட்பதே இல்லை.

அந்தக் காசில் அத்தை முதலில் ஒரு சுருக்குப்பை வாங்கினார். அதிலிருந்து என் மகளுக்குப் பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தபோது, நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு இப்போது வேறு சிக்கல். மூத்த மகளுக்கே ஐம்பது வயது, பாட்டிக்கு ஆதாரில் 57 என்று இருக்கிறது. மூத்த மகளின் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுத்து வைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை அவரையும் அதே மனு எழுதும் பெரியவரிடம் கூட்டிப் போகிறேன்.

- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்